ஜாம்பி வந்தால் தாமிரபரணிக் கரையில் என்ன செய்வது? உட்கார்ந்து பேசித் திட்டம் போடும் முறை

ஜாம்பி, அதாவது சினிமாவில் எழுந்து நடந்து கடிக்கிற பிணம், நிஜமாகவே வந்தால் என்ன செய்வது என்று நாலு பேர் பேச ஆரம்பித்தால், அஞ்சு நிமிஷத்தில் பேச்சு அரிவாளுக்குப் போய்விடும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, வரப்போவது எப்படிப்பட்ட ஜாம்பி என்று எழுதுங்கள். நடக்குமா, ஓடுமா? கடித்தால் மட்டும் தொற்றுமா, மூச்சுக்காற்றிலும் தொற்றுமா? ஏணி ஏறுமா? சத்தத்துக்கு வருமா, வெளிச்சத்துக்கு வருமா? இதை முடிவு செய்யாமல் பேசினால் ஆளுக்கொரு ஜாம்பியை மனசில் வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை கத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு முடிவும் வராது.

திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணிக் கரையில் இருக்கிற முக்கூடலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடையில் கூடுகிறவர்கள் சேர்ந்து நாங்கள் எழுதிக்கொண்டது இது: மெதுவாக நடக்கும். கடித்தால் பரவும். சத்தத்துக்கு வரும். படி ஏறும், ஏணி ஏறாது. நீந்தத் தெரியாது, ஆனால் தண்ணீரில் முங்கினாலும் சாகாது. கரண்ட், போன், கடை, ஆஸ்பத்திரி எதுவும் முதல் வாரத்துக்கு மேல் இருக்காது. உங்கள் ஊரில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம். எழுதியதை நடுவில் மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

இதை வேலையற்ற பேச்சு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 2011 மே மாதம் ஜாம்பிக்கு எப்படித் தயாராவது என்று அரசாங்க முறையிலேயே வழிகாட்டி வெளியிட்டது. ஜாம்பிக்குத் தயாராக இருக்கிற குடும்பம் புயலுக்கும் பூகம்பத்துக்கும் கொள்ளைநோய்க்கும் தயாராக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு அந்தப் பாடம் 2023 டிசம்பர் 17, 18-ல் நேரிலேயே வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது, ரோடு அறுந்தது, கரண்ட் போனது, போன் செத்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிப் போட்டார்கள். இதை மறக்காமல் திட்டம் போடுங்கள்.

ஓட முடியாதவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்

அடுத்த தாளில் தெருவில் ஓட முடியாதவர்களை எழுதுங்கள். என் கட்சி இதுதான்: நல்ல உடம்புக்காரன் போடுகிற திட்டம் நல்ல உடம்புக்காரனுக்கு மட்டும்தான் உதவும். எங்கள் தெருவில் முழங்கால் தேய்ந்த ஆச்சி ஒருத்தி இருக்கிறாள். ஏழு மாசக் கர்ப்பிணி இருக்கிறாள். தினமும் இன்சுலின் போடுகிற அண்ணாச்சி இருக்கிறார். கைக்குழந்தைகள் இருக்கின்றன. "எல்லாரும் பைக்கை எடுத்து மாஞ்சோலைக்குப் போயிருவோம்" என்று என் சித்தப்பா மகன் சொன்னதும், "ஆச்சியை யாருலே பின்னால உக்கார வச்சு மலை ஏத்துவா?" என்று மதினி கேட்டாள். அவனிடம் பதில் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யார் பொறுப்பு என்று இன்னொரு பெயரை எழுதாமல் அந்தத் தாளை மடிக்காதீர்கள்.

இன்சுலினுக்கு ஒரு வழி இருக்கிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்ததை அறை வெப்பத்தில் சுமார் நாலு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் அந்த அறை வெப்பம் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை மாசம் நம் வீடுகளில் அதற்கு வாய்ப்பே இல்லை. பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானையை வையுங்கள். இடையில் ஆற்று மணலைப் போட்டு, மணலைக் காலையும் மாலையும் நனையுங்கள். மருந்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் வாயை மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது. வெயில் காலத்தில் மருந்து கெடாமல் காப்பாற்றுகிற அளவுக்குக் குளிரும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் குளிர்ச்சி குறையும், ஆனால் அப்போது வெயிலும் குறைவுதான். இதைக் கரண்ட் இருக்கும்போதே செய்து, ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையா, கடலா, தேரியா, வீடா

சண்டை நன்றாக நடக்கிற இடம் இதுதான், நடக்கட்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர் வக்கீலாகப் பேசட்டும், மற்றவர்கள் மூன்றே கேள்வி கேட்கட்டும்: குடிதண்ணீர் எங்கே? மூணு மாசம் கழித்து என்ன சாப்பிடுவோம்? ஓட முடியாதவர்கள் அங்கே எப்படி வந்து சேர்வார்கள்?

மாஞ்சோலைக்குப் பேசுகிறவர், மணிமுத்தாறிலிருந்து ஒரே ஒரு மலைப்பாதைதான், அதை அடைத்துவிட்டால் எதுவும் மேலே வராது என்பார். நியாயமான பேச்சு. தண்ணீருக்கும் குறைவில்லை. அங்கே இருக்கிற ஊத்து, நாலுமுக்கு என்கிற எஸ்டேட் ஊர்கள் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் சேர்ந்தவை. ஆனால் அங்கே இருப்பது தேயிலைச் செடி. நெல் கிடையாது. சுற்றிலும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், யானை நடமாட்டம், அட்டை, விறைக்கிற குளிர். பாதையை அடைத்தால் நமக்கும் அரிசி மேலே வராது.

கடலுக்குப் பேசுகிறவர் உவரியில் ஒரு ஃபைபர் வள்ளம் போதும் என்பார். மீனும் உப்பும் கிடைக்கும், ஜாம்பிக்கு நீந்தத் தெரியாது. எல்லாம் சரி, குடிக்க என்ன செய்வது? கேனில் கொண்டுபோனது தீர்ந்ததும் கரைக்கு வந்துதான் ஆக வேண்டும், இன்ஜினுக்கு எண்ணெயும் வேண்டும். அதைவிட, கடலில் பிழைக்கத் தெரிந்தவர்கள் கடற்கரை ஊர்க்காரர்கள். அவர்கள் வள்ளத்தில் நமக்கு இடம் உண்டா என்று அவர்களிடம் கேட்காமல் போடுகிற திட்டம் திருட்டுத் திட்டம். இடிந்தகரைப் பக்கம் போவதாக இருந்தால் கூடங்குளத்தையும் கணக்கில் எடுங்கள். ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டு அங்கே ஓடுகின்றன. உலையை நிறுத்தினாலும் உள்ளே எரிபொருளின் சூடு உடனே போகாது, மாசக்கணக்கில் ஆற்ற வேண்டும். கரண்ட் இல்லாமலே காற்றால் சூட்டை வெளியேற்றுகிற அமைப்பு அங்கே இருக்கிறது, அது பெரிய தைரியம். ஆனாலும் பார்க்க ஆள் இல்லாத உலைக்குப் பக்கத்தில் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு போக நான் சம்மதிக்க மாட்டேன். அவசரகாலத் திட்டத்துக்கு 16 கிலோமீட்டர் வட்டம் என்று வைத்திருக்கிறார்கள். நம் திட்டத்தில் அந்த வட்டத்துக்கு வெளியிலேயே இருங்கள்.

செம்மணல் மேடான குதிரைமொழித் தேரியை யாரும் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தேன். பால் சொசைட்டி அண்ணாச்சி சொன்னார். செம்மணலில் மெதுவாக நடக்கிற ஜாம்பிக்குக் கால் புதையும், தூரத்தில் வருவது தெரியும், பனை இருக்கிறது, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் சுனையும் இருக்கிறது என்றார். கேட்டதில் மலைக்கு அடுத்து உருப்படியான யோசனை இதுதான் என்பேன். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பதநீர் இறங்கும், காய்ச்சினால் கருப்பட்டி. ஆனால் பனையேறத் தெரிந்தவர் கூட இல்லையென்றால் அந்த மரத்தால் நமக்குப் பிரயோஜனம் நிழல் மட்டும்தான். அந்த நிழலும் கொஞ்சம்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டைக்குள் போவது பற்றி அதிகம் பேச வேண்டாம். சாதாரண தீபாவளிக்கே ஜங்ஷன் பாலத்தில் என்ன நிலைமை என்று தெரியும்.

நான் வீட்டுக்குப் பேசினேன். எங்கள் தெரு வரிசை வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. நிறைய வீடு மச்சு வீடு. மாடிக்கு மாடி இடைவெளி ஒரு பலகை போடுகிற அளவுதான். கீழே ரெண்டு முனையையும் டிராக்டர் டிப்பரை நிறுத்தி அடைத்துவிட்டு, மாடிப்படிக் கதவுகளைப் பூட்டி, மாடி வழியாகவே தெரு முழுக்க நடமாடலாம். ஏணி ஏறாத ஜாம்பிக்கு இது போதும். கனடாவின் ஒட்டாவா நகரப் பல்கலைக்கழகங்களின் கணிதக்காரர்கள் 2009-ல் ஜாம்பி பரவலைத் தொற்றுநோய்க் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். தாமதித்தால் ஊரே போய்விடும், ஆரம்பத்திலேயே வேகமாகச் செயல்பட்டால்தான் தப்பலாம் என்று வந்தது. நாற்பது கிலோமீட்டர் போய்ச் சேருகிற திட்டத்தைவிடத் தெருமுனையை அடைக்கிற திட்டம் வேகமானது.

தண்ணீர்

சோறில்லாமல் வாரக்கணக்கில் உயிர் இருக்கும். தண்ணீர் இல்லாமல் மூணு நாள். நம் வெயிலில் அதுவும் சந்தேகம். இதில்தான் நிறையப் பேர் கவனம் இல்லாமல் இருக்கிறார்கள், எனக்கு இது தொழில் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

"எங்க வீட்ல போர் இருக்கு" என்று சொல்பவரிடம் எத்தனை அடி என்று கேளுங்கள். முந்நூறு அடி போரில் தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற சப்மெர்சிபிள் மோட்டார் இருக்கிறது என்றால், கரண்ட் போன அன்றோடு அந்தத் தண்ணீர் இருந்தும் இல்லாத மாதிரிதான். வாளி அந்தக் குழாய்க்குள் இறங்காது. இன்வெர்ட்டரில் ஓட்டிக்கொள்ளலாம் என்பார்கள். ஒரு எச்.பி. மோட்டார் 746 வாட், ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் அதைத் தாங்காது, ட்ரிப் ஆகும். மாடியில் சோலார் இருக்கிறதே என்பார்கள். ஈ.பி. லைனோடு சேர்ந்த ஆன்கிரிட் சோலார் என்றால், லைனில் கரண்ட் போனதும் அதுவும் தானாக நின்றுவிடும். லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கயத்தாறு காற்றாலைகளுக்கும் இதே கதைதான். லைன் உயிரோடு இருந்தால்தான் அவை கரண்ட் தரும். பேட்டரி உள்ள ஆஃப்கிரிட் சோலாரோ, நேரடி டி.சி. சோலார் பம்போ வைத்திருக்கிற வீடு உங்கள் தெருவில் எது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், அடி பம்பு. இந்தியா மார்க் 2 என்று பெயர். 150 அடி ஆழம் வரை ஒரு பெண்பிள்ளை தனியாக அடித்துத் தண்ணீர் எடுக்கலாம். நிறைய ஊர்களில் அந்த போரிலேயே மோட்டாரை இறக்கி சின்டெக்ஸ் தொட்டி வைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதைத் தேடிப்போய் அடித்துப் பாருங்கள். முதலில் வெறுமனே அடித்துக்கொண்டே இருந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர் வருகிறது என்றால் கீழ் வால்வு ஒழுகுகிறது, குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிப்போயிருக்கிறது. உடனே வருகிறது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது. கைப்பிடி மேலே போகும்போது கடகடவென்று உதறினால் தலைப்பெட்டியைத் திறந்து சங்கிலியைப் பாருங்கள். கிரீஸ் இல்லாமல் துருவேறியிருந்தால் கிரீஸ் வையுங்கள். சங்கிலி வேலை மேலேயே முடிந்துவிடும். வாஷர் மாற்ற வேண்டுமென்றால் மார்க் 2-ல் மொத்தக் குழாயையும் உருவி எடுக்க வேண்டும், கிளாம்பும் நாலைந்து ஆளும் வேண்டும். ஆகவே அதை ஆபத்து வந்தபிறகு செய்ய முடியாது. பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து இந்தக் கோடையிலேயே மாற்றச் சொல்லுங்கள், ஒரு செட் வாஷர் கையிருப்பிலும் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட மேலானது கிணறு. கப்பி, கயிறு, வாளி இருந்தால் போதும். குப்பை கொட்டி மூடாமல் விட்டு வைத்திருக்கிற ஒவ்வொரு கிணறும் தெருவின் சொத்து. அதன்மேல் கம்பி வலை போட்டுப் பூட்டுங்கள். ஜாம்பியோ ஆடோ உள்ளே விழுந்தால் முழுக்க இறைத்துக் கொட்டாமல் அந்தத் தண்ணீரைத் தொட முடியாது.

கிணற்றுக்கு மருந்து போடும் கணக்கு இது. குறுக்களவை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீர் நிற்கிற ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். மூணு மீட்டர் குறுக்களவு, மூணு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 21,000 லிட்டர், 53 கிராம் பவுடர். வெள்ளம் புகுந்த கிணறு என்றால் இது பத்தாது, கூட்ட வேண்டும். பவுடரை அப்படியே அள்ளிக் கிணற்றில் போடாதீர்கள். ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிடுங்கள். அடியில் சுண்ணாம்பு படியும், அது வேண்டாம். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக நன்றாக ஆட்டிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். பவுடர் பழசானால் வீரியம் போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில் வெயில் படாமல் வைத்து, வருஷா வருஷம் புதிதாக வாங்குங்கள்.

ஆறு இருக்கும்போது ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பார்கள். தாமிரபரணி வற்றாத ஆறுதான். அணைக்கட்டுகள் எட்டும் கரண்ட் இல்லாமல் வாட்டத்தாலேயே கால்வாய்க்குத் தண்ணீர் தள்ளுகின்றன. பக்கத்து அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய் ஓடுகிறவரை வயலுக்குக் கவலை இல்லை, இது நம் சீமைக்குக் கிடைத்த பெரிய வரம். ஆனால் குடிக்க அப்படியே எடுக்க முடியாது, கொதிக்க வைத்தே ஆக வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஆற்றோரத்தில் எதையும் சேமிக்கவும் கூடாது. 143 அடி பாபநாசம் அணை நிறையும்போது ஷட்டரைப் பார்த்துத் திறக்க ஆள் இருப்பார்களா என்பதே தெரியாத நிலைமை அது. அரிசி, மருந்து, பேட்டரி எல்லாம் மாடியில்.

மற்றவை

சாப்பாடு: குழம்பு, காய் குறைவாக இருக்கும் என்பதால் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி என்று வையுங்கள். பத்துப் பேருக்கு ஒரு மாதம் 120 கிலோ. அரிசியைவிட நெல்லாக வைத்தால் நாள்படத் தாங்கும், ஆனால் மில் ஓடாது, உரலும் உலக்கையும் எந்த வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கருப்பட்டி, கருவாடு, புளி, உப்பு, வத்தல், பொரிகடலை. கருவாட்டை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் வெயில் கிடைக்கும்போதெல்லாம் காட்டி எடுங்கள்.

சத்தம்: எழுதிய விதிப்படி ஜாம்பி சத்தத்துக்கு வரும் என்றால் நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கோயில் கொடைக்கு சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவரைத் திட்டத்தில் சேருங்கள். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு கார் பேட்டரி, ரெண்டு குழாய் ஸ்பீக்கர். ஊருக்கு ஒரு மைல் தள்ளி வயல்காட்டில் வைத்து ஓடவிட்டால் கூட்டத்தை அந்தப் பக்கம் இழுக்கலாம். வைத்துவிட்டுத் திரும்பச் சைக்கிளில்தான் வர வேண்டும், பைக்கில் வந்தால் உங்கள் பின்னாலேயே வரும்.

கடி: இதைப் பேச எல்லாருக்கும் தயக்கமாக இருக்கும், ஆனாலும் பேசுங்கள். உலகத்தில் இதற்கு ரொம்ப நெருக்கமான நிஜ நோய் வெறிநாய்க்கடி. கடியில் பரவும், மூளைக்குப் போகும், அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க முடியாது. அதற்குச் செய்வது தெளிவாக இருக்கிறது: ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசியைத் தொடங்கி கடைசி ஊசி வரை போட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பக்கூடாது. ஜாம்பி வருகிறதோ இல்லையோ, நாய் தெருவில் நிற்கிறது, இதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஜாம்பி கடித்தவரை என்ன செய்வது என்பதில் எங்கள் கடையில் ரெண்டு கட்சி. நான் எந்தக் கட்சி என்றால், தனி அறை, வெளியே தாழ்ப்பாள், ஜன்னல் வழியாகப் பேச்சும் தண்ணீரும். கடைசி வரை பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். காவலுக்குச் சொந்தக்காரர் இருக்கக்கூடாது. அவர் கதவைத் திறந்துவிடுவார். இதை யாருக்கும் கடி படாத நாளில் முடிவு செய்துவிடுங்கள்.

ஆயுதம்: அரிவாளுக்கு எட்டம் குறைவு, ரத்தம் தெறிக்கும், ஓங்கிய கையைக் கடிக்கும். எட்டடி மூங்கில் கழியால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவது மேல். கைக்கு ரெண்டு சுற்றுப் பழைய டியூப், தலைக்கு ஹெல்மெட். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பேசி முடித்ததும் ஒரு ஒத்திகை வையுங்கள். சித்திரையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் சம்மதிக்கிற வீடுகள் எல்லாம் மெயினை இறக்கி, மோட்டாரும் போனும் இல்லாமல் ஞாயிறு சாயங்காலம் வரை இருங்கள். ஆச்சியை மாடிக்குத் தூக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ரெண்டு பேர் தூக்கினால் படி வளைவில் இடிக்கும், பெட்ஷீட்டில் நாலு பேர் பிடித்தால் திரும்பும். கிணற்றுக் கயிறு தண்ணீர் வரை எட்டுகிறதா என்று பாருங்கள், கோடையில் மட்டம் இறங்கியிருக்கும். எது முதலில் தீர்ந்ததோ அதைத் தாளில் மேலே எழுதி, ஐப்பசி பிறக்கும் முன் வாங்கி மாடியில் ஏற்றிவிட்டு, டிப்பர் சாவியும் மாடிக் கதவுச் சாவியும் யாரிடம் இருக்கின்றன என்று தெருவில் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.